முதல் பந்தி யாருக்கு?

சென்ற வாரம் எங்கள் காலை நடைக் கூட்டத்தில் ஒரு பஞ்சாயத்து. காவிரிப் பாலத்துப் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தினமும் உலகத்தைத் திருத்துகிற ஏழெட்டுக் கிழவர்களில் நானும் ஒருவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். எங்களில் ஒருவருக்கு மனைவியோடு அறுபதாம் கல்யாணம் நடத்த வேண்டிய வருடம் தள்ளிப் போய்விட்டது. இப்போது பெங்களூரில் இருக்கிற மகன், "அப்பா, சடங்கெல்லாம் வேண்டாம், கோயம்புத்தூரில் ஒரு கிரில் ஓட்டலில் டேபிள் போட்டிருக்கிறேன், எல்லாரும் போய்ச் சாப்பிட்டு வரலாம்" என்று சொல்லிவிட்டான். மேசை நடுவில் கரி அடுப்பு, அதன்மேல் கம்பியில் குத்திய கறி, தலைக்கு ஒரே விலை, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்கிற ரகம்.

பெஞ்சு கொதித்துவிட்டது. "வெளிநாட்டுக்காரன் பழக்கமுங்க இது. நாலு சனத்தைக் கூப்பிட்டு இலை போட்டுச் சோறு போடறதுதானே நம்ம வழக்கம்? பண்பாடே போச்சுங்க" என்று ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர்கள் தலையாட்டினார்கள். என்னைப் பார்த்து, "பாண்டிச்சேரிக்காரரே, நீங்க சொல்லுங்க, நீங்கதான் அமெரிக்காவிலேயே போய்த் தின்னுட்டு வந்தவராச்சே" என்றார்கள்.

அன்று நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். முப்பத்தைந்து வருடம் அரசாங்க ஆபீசில் குறிப்பு எழுதிப் பழகியவனுக்கு வாயால் வாதாட வராது. எழுதித்தான் சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

போன வருடம் எங்களுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருடம் முடிந்தது. மகள் டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் பக்கம் இருக்கிறாள். எங்களை வரவழைத்து, அந்த நாளன்று ஒரு பிரேசில் நாட்டுக் கறி ஓட்டலுக்கு அழைத்துப் போனாள். கோயம்புத்தூர் அடுப்பு மேசைக்கு அதை ஒரு பெரியப்பா என்று சொல்லலாம். தெற்கு பிரேசிலின் புல்வெளிகளில் மாடு மேய்த்த கௌச்சோ என்னும் ஆட்கள், கறித்துண்டுகளைக் கம்பியில் குத்தி, உப்பு மட்டும் தடவி, நெருப்பில் வாட்டித் தின்றார்கள். அதை அவர்கள் ஷுராஸ்கு என்பார்கள். பிறகு அது ஓட்டலுக்கு வந்தது. ஓட்டல் முறைக்குப் பெயர் ரொடீசியு. அந்தப் போர்த்துகீசியச் சொல்லுக்குச் சுற்று, முறை என்று அர்த்தம். நம் ராஜா வாய்க்கால் பாசனத்தில் 'இந்த வாரம் யார் முறை' என்போமே, அதே முறைதான். பரிமாறுகிறவர் ஒவ்வொருவராகக் கையில் முழ நீளக் கம்பியோடு மேசை மேசையாக முறை வருவார்கள்.

நம் முன்னால் ஒரு வட்டு இருக்கும். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு. பச்சையைக் காட்டினால் கம்பிகள் வந்துகொண்டே இருக்கும். அவர் கத்தியால் மெல்லிசாகச் சீவ, நாம் சின்ன இடுக்கியால் பிடித்துத் தட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். போதும் என்றால் வட்டைச் சிவப்புக்குத் திருப்ப வேண்டும். என் மனைவி மாட்டுக்கறி தொடமாட்டாள். கோழியும் ஆட்டுக்கறியும் சுட்ட அன்னாசியும் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. நான் பாண்டிச்சேரியில் வளர்ந்தவன், எனக்கு எதுவும் புதிதல்ல.

முதலில் பெஞ்சுக்காரர்களின் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்கிறேன். வெளிநாட்டுப் பழக்கமாம். அன்றைக்கு மேசைக்கு வந்த கம்பிகளில் ஒன்றின் பெயர் குபீம். மாட்டின் திமில் அது. ஐரோப்பாவிலிருந்து போன மாட்டுக்குத் திமில் கிடையாது. அப்படியென்றால் பிரேசில் மாட்டுக்குத் திமில் எங்கிருந்து வந்தது? நம் பக்கமிருந்துதான். அந்த நாட்டு மாடுகளில் பெரும்பகுதி நெலோர் என்னும் இனம். ஆந்திரக் கடற்கரையின் ஓங்கோல் மாட்டைக் கப்பலேற்றிக்கொண்டு போய்ப் பெருக்கி, நெல்லூரின் பெயரையே அதற்கு வைத்துக்கொண்டார்கள். வெயிலும் உண்ணியும் தாங்குகிற மாடு என்பதால் பிரேசில் முழுக்கப் பரவிவிட்டது.

கறி வருவதற்கு முன் எலுமிச்சம்பழ அளவில் ஒரு சூடான ரொட்டி கொடுத்தார்கள். பாலாடைக்கட்டி போட்டது. என் மனைவி ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு, "ஏனுங்க, இது குச்சிக்கிழங்கு மாவுங்க" என்றாள். மகள் நம்பவில்லை. பரிமாறுகிறவரைக் கேட்டால், ஆமாம், மரவள்ளி மாவுதான். நாமக்கல் பக்கத்துப் பெண்ணை மரவள்ளியில் ஏமாற்ற முடியுமா? கறியோடு தொட்டுக்கொள்ள வைத்த ஃபரோஃபா என்னும் பொடியும் வறுத்த மரவள்ளி மாவே. மரவள்ளியே தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த பயிர். 1880-களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதைப் பரப்பினார். 1940-களில் சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் பிறந்தது. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. இன்று நம் பக்கத்தில் எத்தனை குடும்பங்கள் அந்தக் கிழங்கை நம்பி இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே, மாடு இங்கிருந்து அங்கே போயிருக்கிறது, கிழங்கு அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது. காலையில் ஜவ்வரிசி வடாம் காயப்போட்டுவிட்டு மாலையில் 'வெளிநாட்டுச் சாப்பாடு' என்று முகம் சுளிப்பது நியாயமில்லை. குழம்பில் போடுகிற மிளகாயே அந்தக் கண்டத்துச் சரக்கு. இந்தக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்கிறேன்.

ஆனால் எனக்கு வேறொரு குற்றச்சாட்டு இருக்கிறது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். இந்த மாதிரிச் சாப்பாட்டுக்கு பிரெஞ்சுக்காரர்கள் 'ஆ வொலோந்தே' என்று பலகையில் எழுதுவார்கள். உன் மனம்போல என்று பொருள். நல்ல சொல். ஆனால் அன்று அந்த மேசையில் யார் மனம்போலச் சாப்பிட்டது? ரொட்டியை இன்னொன்று எடுக்கப் போனேன். "மாமா, ரொட்டியில வயித்த நிரப்பிக்காதீங்க, கறிக்கு இடம் வையுங்க, இல்லைன்னா காசுக்குக் கட்டுப்படியாகாது" என்று மாப்பிள்ளை தடுத்தார். அன்பாகத்தான் சொன்னார். பத்து வயதுப் பேரன் தான் தின்ற துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். பில்லைக் காட்டாமல் மறைக்கப் பார்த்தார்கள். நான் பார்த்துவிட்டேன். ஐந்து பேருக்கு நானூறு டாலருக்கு மேல். அதைப் பார்த்ததும் எனக்கும் இன்னும் இரண்டு துண்டு தின்றிருக்கலாமோ என்றுதான் தோன்றியது! வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எண்ணிப் பார்த்துச் சாப்பிடுகிற இடத்தில் விருந்தாளி கிடையாது. கொடுத்த காசை வசூல் செய்ய வந்தவர்தான் இருக்கிறார்.

இன்னொன்று. பிரெஞ்சில் விருந்து கொடுப்பவருக்கும் விருந்துக்கு வந்தவருக்கும் ஒரே சொல்தான். சின்ன வயதில் எனக்கு இது பெரிய குழப்பம். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யார் யாருக்குச் சோறு போட்டார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வேலூருக்குக் குடிவந்து மொய் எழுத உட்கார்ந்தபோதுதான் அதன் அர்த்தம் புரிந்தது. ஓய்வுபெற்ற குமாஸ்தா, கையெழுத்து நன்றாக இருக்கும் என்று, இந்த ஊரில் எந்த விசேஷம் என்றாலும் என்னை மொய் நோட்டுக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். காது குத்தா, கெடா வெட்டா, கல்யாணமா, நான்தான். இன்று வந்து எழுதுகிறவர் வீட்டில் நாளைக்கு இவர் போய் எழுத வேண்டும். இன்று விருந்து கொடுத்தவர் நாளைக்கு விருந்தாளி. இரண்டு பேரும் ஒருவர்தான்.

'அதுவும் கணக்குத்தானே?' என்று கேட்பீர்கள். கணக்குத்தான். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் கறிச்சோறு போட்டு மொய் விருந்தே நடத்துகிறார்கள். மொய்யால் நொந்துபோனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மொய்க் கணக்கு முடிவதில்லை. முடியாததால்தான் இரண்டு வீடும் ஒன்றையொன்று மறப்பதில்லை. ஓட்டல் கணக்கு மேசையிலேயே முடிந்துவிடுகிறது. கார்டைத் தேய்த்தால் தீர்ந்தது, நாளைக்கு யாரும் யாருக்கும் எதுவும் பாக்கியில்லை.

அழைப்பையும் சொல்ல வேண்டும். நம் ஊர் வெற்றிலை எத்தனையோ ஊருக்குப் போகிறது. அதை எதற்கு வாங்குகிறார்கள்? வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க. ஒருவர் தம் வீட்டை விட்டு நடந்து இன்னொருவர் வாசலுக்குப் போய், 'நீங்கள் வந்தால்தான் என் வீட்டு விசேஷம்' என்று சொல்வதற்கு. ஓட்டலில் எத்தனை நாற்காலி என்று மட்டும் கேட்கிறார்கள். எங்கள் ஐம்பதாவது வருடத்தை எங்களோடு ஐம்பது வருடம் வாழ்ந்தவர்களில் ஒருவர்கூட இல்லாமல் கொண்டாடினோம். பரிமாறியவர்கள் நான்கு பேர் வந்து கைதட்டிப் பாடினார்கள். நல்ல பிள்ளைகள். அடுத்த மேசையில் ஒரு பிறந்த நாளுக்கும் அதே பாட்டுப் போலத்தான் பாடினார்கள்.

இதுவரை படித்துவிட்டு, 'பாண்டிச்சேரிக்காரரும் நம் கட்சிதான்' என்று பெஞ்சு மகிழ வேண்டாம். இனிமேல்தான் வழக்கு ஆரம்பம்.

அன்று இரவு மகள் வீட்டுக்குத் திரும்பியதும் இந்தக் குறைகளை எல்லாம் என் மனைவியிடம் வரிசையாகச் சொன்னேன். ஆள் இல்லை, அழைப்பு இல்லை, வெற்றிலை இல்லை என்று. அவள் காதுத் தோட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்:

"எனக்குப் பிடிச்சிருந்துதுங்க. ஒரு விசேசத்துல உங்க பக்கத்துல உக்காந்து, சூடா இருக்கையிலயே நான் சாப்புட்டது இன்னைக்குத்தானுங்க."

எனக்குப் பதில் வரவில்லை. என்ன பதில் இருக்கிறது? எங்கள் கல்யாணத்தன்று தொடங்கி, பிள்ளைகள் காதுகுத்து, மகள் கல்யாணம், என் பணி ஓய்வு விருந்து என்று யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அவள் எங்கே இருந்தாள்? வாசலில் வரவேற்றாள், உள்ளே போய்ச் சாம்பார் பத்துமா என்று பார்த்தாள், யாருக்கு இலை விழவில்லை என்று பார்த்தாள், கடைசியில் பாத்திரத்து அடியில் மிச்சம் இருந்ததை மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ நின்றபடி சாப்பிட்டாள். நான் எல்லாவற்றிலும் முதல் பந்தியில், பெரிய மனிதர்களோடு.

மொய் மேசை எப்போதும் பந்திக்குப் பக்கத்தில்தான் போடுவார்கள். ஆகவே பதினான்கு வருடமாக இந்த ஊர்ப் பந்திகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் பந்தியில் வெள்ளை வேட்டிகள். அப்போதுதான் கறி துண்டாக விழும், குடல்கறியும் ஈரலும் இருக்கும். இரண்டாவதில் மற்ற ஆண்கள். பிறகு பிள்ளைகளோடு பெண்கள், அதற்குள் குழம்பில் எலும்பு மட்டும்தான் மிதக்கும். கடைசியில் வீட்டுப் பெண்கள், ரசத்தோடு. வெற்றிலை கிள்ள வருகிற பெண்களும் தெருக் கூட்டுகிற பெண்களும் பந்தியிலேயே இல்லை. அவர்கள் கொல்லைப்புறம் பாத்திரத்தோடு வந்து வாங்கிப் போவார்கள். இதையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் குனிந்து, 'இன்னார் ஐந்நூற்றொன்று' என்று எழுதினேன். அந்தப் பிரேசில் ஓட்டலில் யார் உள்ளே வரலாம் என்பதைக் காசு தீர்மானித்தது. அது தப்புத்தான். நம் பந்தியில் அதைத் தீர்மானித்தது எது என்று சொல்ல வேண்டியதில்லை. அது அதைவிடப் பெரிய தப்பு.

இதைத்தான் பண்பாடு என்று பெஞ்சில் சொல்கிறார்கள். சோறு போடுவது பண்பாடு, சந்தேகமில்லை. பெண்களை நாலு மணி வரை பட்டினி போட்டுச் சோறு போடுவது வெறும் பழக்கம். பழக்கத்தைக் காப்பாற்றப் பண்பாட்டின் பெயரைக் கடன் வாங்காதீர்கள்.

திரும்பி வந்து, தை மாதத்தில் எங்கள் வீட்டுக் களத்தில் ஒரு விருந்து வைத்தோம். இரண்டு கெடா, பள்ளிபாளையம் பாணியில் தேங்காய்ச் சில்லு போட்டுக் கோழி, இங்கே பறித்த வாழை இலை. மொய் நோட்டு வைக்கவில்லை. எழுபத்து நான்கு வயதில் புதுக் கடன் எதற்கு? நானும் மனைவியும் வீடு வீடாகப் போய் வெற்றிலை வைத்து அழைத்தோம். ஒரே ஒரு மாற்றம்தான் செய்தேன். முதல் பந்தி பெண்களுக்கு. என் மனைவி நடுவில், தெருப் பெண்கள் இரு பக்கமும், கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர்களும் பேரூராட்சித் தூய்மைப் பணியாளர்கள் இருவரும் அதே வரிசையில். பரிமாறியது நான், என் சின்ன மச்சினன், அவன் பையன்கள், பெஞ்சிலிருந்து வந்த மூன்று கிழவர்கள். எங்களுக்குப் பரிமாறத் தெரியவில்லை. உப்பை மறந்துவிட்டு அப்பளத்தை முதலில் வைத்தோம். பெண்கள் சிரித்தார்கள். "இன்னுங் கொஞ்சம் வெய்யுங்க" என்று என்னிடம் கேட்டு வாங்கினார்கள். இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

என் மனைவியின் பெரியப்பா மகன் வந்திருந்தார். பெரியவர், மரியாதைக்குரியவர். முதல் பந்தியைப் பார்த்தார். "பொம்பளைங்க எந்திரிச்ச பந்தியில நாங்க உக்காரணுமா?" என்று கேட்டார். "இலை வேறங்க, மச்சான்" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் மனைவி எதுவும் பேசவில்லை. சாயங்காலம் ஒரு தூக்குப்போசியில் கறியும் சோறும் கட்டி, சின்ன மச்சினன் மகனிடம் கொடுத்து அவர் வீட்டுக்கு அனுப்பினாள். திறக்காமலேயே திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அவர் என்னோடு நேராகப் பேசுவதில்லை. பெஞ்சைப் பார்த்துத்தான் பேசுவார். சென்ற வாரம் 'பண்பாடே போச்சுங்க' என்று ஆரம்பித்தவர் அவர்தான். இதைப் படித்துவிட்டு இன்னும் கோபப்படுவார். தெரிந்துதான் எழுதுகிறேன். கூடப் பிறக்காவிட்டாலும் அண்ணன் அண்ணன்தான், என் மனைவிக்கு அதில் வருத்தம் உண்டு. இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க, ஆனா அவரு பேரு வேண்டாம்" என்றாள்.

இப்போது நண்பருக்கு என் தீர்ப்பு. உங்கள் மகன் போட்ட டேபிளை ரத்து செய்யச் சொல்லாதீர்கள். வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போங்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, யாருக்கும் இலை விழுந்ததா என்று பார்க்காமல், கறி சூடாக இருக்கும்போதே சாப்பிடட்டும். துண்டுகளை எண்ணாதீர்கள். ஐம்பது வருடத்தில் நாம் கொடுக்காத ஒன்றை ஒரு ஓட்டல் இரண்டு மணி நேரத்துக்கு வாடகைக்குக் கொடுக்கிறது. அதற்காக ஓட்டல்மேல் பாயாமல் நாம்தான் தலைகுனிய வேண்டும்.

அதோடு நிறுத்தாதீர்கள். ஊருக்குத் திரும்பி வந்து, முடிந்த அளவில் ஒரு விருந்து வையுங்கள். பத்து இலை போதும். கெடா வேண்டாம், ஒரு கோழிக்குழம்பு போதும். வெற்றிலை வைத்து அழையுங்கள். அழைக்காமல் பாத்திரத்தோடு வருகிறவர்களையும் வாசலில் போய் அழையுங்கள். பெண்களை முதலில் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் கரண்டியை எடுங்கள். முதுகு வலிக்கும். எனக்கு இரண்டு நாள் வலித்தது. அதைச் செய்யாமல் வெறும் பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளைகள் ஓட்டலுக்குப் போகிறார்கள் என்று புலம்ப நமக்கு உரிமையில்லை. பிள்ளைகள் பந்தியைப் பார்த்துத்தான் வளர்ந்தார்கள். அம்மா எப்போது சாப்பிட்டாள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்தத் தூக்குப்போசி எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில்தான் இருக்கிறது. மச்சான் எப்போது வந்தாலும் இலை போட்டு நானே பரிமாறத் தயார்.

இரண்டாம் பந்தியில்.